அழுகைக்கு முறை வைத்த தெரு

1970ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, தஞ்சை மாவட்டத்தின் கீழ்க்கோடியில் உள்ள தாமரைக்கரம்பையில், வயல் கூலிகள் குடியிருந்த தெற்குத் தெருவில் பத்தொன்பது வீடுகள் எரிக்கப்பட்டன. ஏழு பேர் இறந்தார்கள். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதில் தொடங்கிய தகராறு அது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. வேறு ஊராக இருந்தால் துக்கம் கேட்க வருகிறவர்கள் அத்தோடு நின்றிருப்பார்கள். தெற்குத் தெருவுக்கு அதன் பிறகுதான் வரத் தொடங்கினார்கள். ஆளும் கட்சி வந்தது. எதிர்க்கட்சி வந்தது. எதிர்க்கட்சிக்குள்ளேயே ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு கோஷ்டிகள் காலையும் மாலையுமாக வந்தன. விவசாய சங்கத்தில் கிளை, வட்டம், மாவட்டம் என்று படிப்படியாக வந்தார்கள். திருச்சியிலிருந்து கல்லூரி மாணவர்கள் ஒரு லாரி நிறைய வந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் குடையோடு வந்து, ஏதும் பேசாமல் அரை மணி நேரம் நின்றுவிட்டு, குடையை மறந்துவிட்டுப் போனார். பங்குனி முடிவதற்குள் நாற்பத்தொரு கூட்டம்.

வருவதில் தப்பில்லை. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் சிக்கல். துக்கம் கேட்க ஒருவர் வாசலுக்கு வந்தால், இழவு விழுந்த வீட்டுப் பெண் எழுந்து வந்து அழ வேண்டும். வந்தவர் பெண்ணென்றால் கட்டிக்கொண்டு அழ வேண்டும். ஆணென்றால் தள்ளி உட்கார்ந்து தலையில் கைவைத்து, நாலடியாவது ஒப்பாரி சொல்ல வேண்டும். சும்மா இருந்துவிட்டால் வந்தவருக்கு அவமரியாதை. செத்தவருக்கு அதைவிடக் குறை. அழ ஆளில்லாமல் போனான் என்ற பேச்சை எந்த வீடும் தாங்காது. ஆகவே பெண்கள் அழுதார்கள். காலையில் அழுது, முகம் கழுவி, உலை வைக்கப் போகும்போது வெளியே ஜீப் சத்தம் கேட்கும். உலையை இறக்கிவிட்டு வந்து மறுபடி அழுவார்கள். சித்திரை பிறந்தபோது தெருவில் பாதிப்பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ஒரு முடிவுக்கு வந்தவள் காளியம்மாள். நடவாட்களின் தலைவி. இருபத்துமூன்று பெண்களை வயலில் இறக்கி, எந்த வயலை எந்த நாள் நடுவது, யார் எந்தப் பத்தியில் நிற்பது என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறவள். செத்த ஏழு பேரில் ஒருவன் அவளுடைய தம்பி செல்லதுரை.

"தண்ணி கொறஞ்சா என்னடி பண்ணுவோம்?" என்று அவள் பெண்களைக் கூட்டிவைத்துக் கேட்டாள்.

"முறை வைப்போம்."

"கண்ணுத் தண்ணிக்கும் வைப்போம். எல்லாரும் ஒரே நாள்ல வடிச்சா வாய்க்கா வறண்டுடும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. வர்றவன் மந்திரியா இருந்தாலும் அன்னிக்கு முறைக்காரி அழுவா. மத்தவ எல்லாம் வேலையப் பாக்கலாம்."

"எனக்கு அன்னிக்கு ஒடம்பு முடியலன்னா?" என்று கேட்டாள் காத்தாயி. அந்தத் தீயில், இருபத்தாறு வயதில் புருஷனை இழந்தவள்.

"வயலுக்கு வரமுடியலன்னா என்ன பண்ணுவ? மாத்தாளு அனுப்புவல்ல? அதேதான்."

இப்படியாகத் தெற்குத் தெருவில் அழுகைக்கு முறை வந்தது. காளியம்மாள் தன் வீட்டுப் புதுச்சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு முறையைக் குறித்தாள். கரிக்கு அந்தத் தெருவில் அப்போது பஞ்சமில்லை. கோயில் பக்கத்து வீடு தலைமடை. அங்கிருந்து வரிசையாக வந்து, கடைமடையில் எல்லையம்மாள் வீடு.

எல்லையம்மாளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அவள் செல்லதுரையின் மனைவி, காளியம்மாளுக்குத் தம்பி பெண்டாட்டி. அந்த வட்டாரத்தில் நடவுப்பாட்டுக்கு முதலடி எடுக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. அவள் ஓரடி எடுத்தால் இருபத்திரண்டு பேரும் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் கணக்கில் கை இறங்கும், கால் பின்வாங்கும், நாற்று வரிசையாக நிற்கும். சாவு வீடுகளிலும் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் ஒப்பாரி எடுத்தால் கடன்காரனும் அழுவான் என்பார்கள். அப்படிப்பட்டவள் பிப்ரவரி 3க்குப் பிறகு ஒரு சொல் பேசவில்லை. அழவும் இல்லை. சமைத்தாள், கூட்டினாள், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைமடைக்கு முறை வரும் நாளில் காளியம்மாளே போய் அவளுக்குப் பதிலாக அழுதுவிட்டு வந்தாள். தம்பிக்கு அக்காள் அழுவதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முகம் கழுவும்போது அவள் வேப்பமரத்தைத் திரும்பிப் பார்ப்பாள். அங்கே எதுவும் மாறியிருக்காது.

சித்திரைக் கடைசியில் தஞ்சாவூரிலிருந்து ஆனந்தம் வந்தாள். சமூக நலத்துறை அலுவலர். கதர்ப்புடவை, கறுப்புக் கண்ணாடி, பழுப்பு நிறத்தில் அச்சடித்த படிவங்கள். பாதிக்கப்பட்டவர்களின் மனநிலையை அறிய அந்தப் படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. நல்ல பெண். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்; கொடுத்த தண்ணீரைத் தயங்காமல் குடித்தாள். அதைத் தெரு கவனித்தது.

"ராத்திரி நல்லாத் தூக்கம் வருதாம்மா?" என்று காளியம்மாளைக் கேட்டாள்.

"படுத்தா வரும். படுக்க வுட்டாத்தானம்மா."

"யார் விடலை?"

"துக்கம் கேக்க வர்றவங்க. நேத்து ராயப்பேட்டையிலேருந்து வந்தாங்க."

ஆனந்தம் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அடுத்த கேள்விக்குப் போனாள். "மனசுல இருக்கறதை அடக்கி வைக்கக்கூடாதும்மா. மனசுவிட்டு அழுதாத்தான் பாரம் குறையும்."

"அழுகைக்கு இங்க கொறச்சலே இல்லீங்கம்மா. முறை வச்சு அழுவுறோம். இன்னிக்கு அஞ்சலை வீடு." காளியம்மாள் சுவரைக் காட்டினாள். "நீங்களும் துக்கம் கேக்கத்தான் வந்திருக்கீங்கன்னா சொல்லுங்க, அவளக் கூப்புடுறேன். கேள்வி மட்டுந்தான்னா வேணாம், அவ களை எடுக்கப் போயிருக்கா."

ஆனந்தம் சுவரைப் பார்த்தாள். வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "வேண்டாம்மா. கேள்வி மட்டுந்தான்."

எல்லையம்மாளிடம் பன்னிரண்டு கேள்விகளையும் கேட்டாள். பன்னிரண்டு முறை 'பதில் இல்லை' என்று எழுதினாள். எழுந்து வரும்போது, "இவங்களுக்குத்தான் உதவி அதிகம் தேவை" என்றாள்.

"அது தெரியுதுங்கம்மா. என்ன பண்றதுன்னு அந்தத் தாள்ல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. ஆனால் துறை சும்மா இருக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, மக்களின் மனமகிழ்ச்சிக்காக என்று நான்கு கேரம் போர்டுகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. ஒன்றில் ஆண்கள் ஆடினார்கள். ஒன்றில் கருவாடு காய்ந்தது. ஒன்று காத்தாயியின் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியானது. அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. நாலாவதைப் போட்டு உட்காரவைத்தால் வருகிற தலைவர்களுக்கு வேட்டி அழுக்காகாது என்று காளியம்மாள் அதைத் தனியாக எடுத்து வைத்தாள்.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. குளத்துத் தண்ணீரில் முன்கூட்டியே விட்டிருந்த நாற்று தலையாட்டியது. கோயில் நிலத்தில் குறுவை நடவு ஜூலை 9 வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அன்றிலிருந்து காளியம்மாளுக்கு உண்மையாகவே தூக்கம் போயிற்று. நட ஆள் இருந்தது; முதலடி எடுக்கத்தான் ஆளில்லை. பாட்டில்லாமல் நட்டால் வரிசை கோணும். கோணினால் கோணட்டும், அது பெரிதில்லை. இந்த நடவிலும் எல்லையம்மாள் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாள் என்று அவளுக்குப் பட்டது. எரிந்த வீட்டைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். இவளை என்ன செய்வது?

அவள் பாடிப் பார்த்தாள். தப்பான பாட்டைக் கேட்டாலாவது எல்லையம்மாளுக்கு வாய் வராதா என்று, வேப்பமரத்தடியில் போய் நின்று நடவுப்பாட்டை எடுத்தாள். காளியம்மாளின் குரல் ஆள் வேலை வாங்குவதற்கென்றே அமைந்த குரல். மரத்திலிருந்த காக்கைகள் போயின. ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு மறுபக்கம் சுற்றியது. எல்லையம்மாள் மட்டும் அசையவில்லை.

"ஏ புள்ள, நல்லால்லன்னாவது சொல்லேன்" என்றாள் காளியம்மாள்.

ஜூலை 5 ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு அம்பாசடரும் ஒரு வேனும் வந்து நின்றன. ஒரு கட்சியின் மாவட்டத் துணைச் செயலாளர் நாகநாதன், தொண்டர்கள் பதினோரு பேர், திருவாரூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நெய்னா முகம்மது. ஐந்து மாதம் தாமதமாக வந்த குறையைப் பேச்சில் சரிக்கட்ட நாகநாதன் நினைத்திருந்தார். காரிலிருந்து இறங்கும்போதே தொடங்கிவிட்டார். "கண்ணீரில் கரையும் கழனிக் கண்மணிகளே, கருகிய கூரையின் கீழ்க் கலங்கும்..."

"கூரை புதுசுங்க. மொதல்ல ஒக்காருங்க" என்று காளியம்மாள் கேரம் போர்டைப் போட்டாள்.

அன்றைக்கு ஆனந்தமும் வந்திருந்தாள். இரண்டாவது படிவம் நிரப்புகிற வேலை. ஓரமாக நின்றுகொண்டாள்.

"கணவரைப் பறிகொடுத்த சகோதரி யாருங்க?" என்று கேட்டார் நாகநாதன்.

காளியம்மாள் சுவரைப் பார்த்தாள். காத்தாயி முறை. ஆனால் காத்தாயி விடியும்போதே நாற்றுப் பறிக்கப் போய்விட்டாள். மாற்றாள் சொல்லிவிட்டுத்தான் போனாள். மாற்றாளாக யார் வருவாள் என்பதைக் காளியம்மாள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இருபது வருடத் தலைவிக்கு அது சறுக்கல்தான்.

கொண்டையை அவிழ்த்துவிட்டபடி வந்து உட்கார்ந்தவள் சௌந்தரநாயகி. தீயில் அவளுக்கு வீடுதான் போயிற்று. புருஷன் சிவசாமி நன்றாக இருந்தான். காத்தாயியோடு நாற்றங்காலில்தான் நின்றுகொண்டிருந்தான். காளியம்மாளுக்குச் சுருக்கென்றது. வந்தவர்கள் முன்னால் ஆளை எழுப்பி அனுப்பவா முடியும்?

சௌந்தரநாயகி தலையில் கைவைத்துத் தொடங்கினாள்.

"மூணு கரை வாய்க்காலு
முட்டி வரும் தண்ணியிலே
முன்னே நடந்த தொரை
மூச்சடங்கிப் போனியளே..."

நெய்னா முகம்மது காமிராவைத் தூக்கினார். பல்பு எரியவில்லை. "அம்மா, கோவிச்சுக்காதீங்க, பல்பு மக்கர் பண்ணுது. அந்த மூச்சடங்குன எடத்த இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சௌந்தரநாயகி இன்னொரு தடவை மூச்சடங்கினாள்.

அதுவரை பழுதில்லை. ஆனால் ஒப்பாரி நாலடியோடு நிற்பதில்லை, வந்தவர்கள் பதின்மூன்று பேர். மேலே சொல்ல விஷயம் வேண்டும். மாற்றாள் என்று போகிறவள் தன் வீட்டு அரிவாளைத்தான் எடுத்துப்போவாள். சௌந்தரநாயகி தன் வீட்டுப் புருஷனை எடுத்தாள்.

"கையோங்கி அடிச்சதில்ல
கடுஞ்சொல்லு சொன்னதில்ல
கள்ளு குடிச்ச அன்னிக்கும்
கண்ணேன்னு சொன்னவரே..."

நாகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புதுக்கூரை ஒழுகுதுன்னு
பொழுதெல்லாம் சொன்னேனே
பொறவு பாக்குறேன்னு சொல்லிப்
போய்ச் சேந்த ராசாவே..."

பிப்ரவரியில் செத்தவன், சித்திரையில் சர்க்கார் போட்ட கூரையை எப்படிப் பார்ப்பான் என்று தொண்டர் யாருக்கும் தோன்றவில்லை. ஆனந்தத்துக்குத் தோன்றியது, அவள் படிவத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

இந்த நேரத்தில் சிவசாமி வந்தான். நாற்றுமுடி கட்ட நார் எடுத்துப்போக வந்தவன், முழங்கால் வரை சேறு. தன் பெண்டாட்டி தலைவிரித்து அழுவதைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றான். பிறகு வரிகளைக் கேட்டான். வாயில் இருந்த புகையிலையை மெதுவாகத் துப்பிவிட்டு, கூட்டத்தின் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தான். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் அவனைக் கண்ணே என்று சொன்னவன் என்று யாரிடமும் சொன்னதில்லை. கூரை ஒழுகுவதைத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் அடுத்த அடிக்குப் போனாள். தனக்கு அம்மை போட்டிருந்தபோது அவன் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலை விசிறியதைச் சொன்னாள். சிவசாமிக்கு அது மறந்தே போயிருந்தது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

ஒரு ஆண்பிள்ளை அப்படி அழுவதைப் பார்த்த நாகநாதன் எழுந்து வந்து அவன் தோளில் கைவைத்தார். "அய்யா, மனசத் தேத்திக்கங்க. நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்? அண்ணனா?"

"இல்லீங்க" என்றான் சிவசாமி தேம்பிக்கொண்டே. "நான்தாங்க அது."

"எது?"

"செத்தது."

நெய்னா முகம்மதுவின் பல்பு அப்போதுதான் எரிந்தது. சௌந்தரநாயகி தலையை நிமிர்த்திப் பார்த்து, "பாவி மனுசா, நாரு எடுக்க இப்பத்தான் வரணுமா?" என்றாள்.

"நீ சொல்லு. அம்மை போட்டப்ப அப்புறம் என்ன ஆச்சு?" என்றான் சிவசாமி.

வேப்பமரத்தடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆடு இருமுகிறது என்று காளியம்மாள் நினைத்தாள். மறுபடி வந்தது. எல்லையம்மாள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அவளுக்கு உள்ளே எங்கோ சிக்கியிருந்து, அறுத்துக்கொண்டு வெளியே வந்தது போலிருந்தது. மூச்சு முட்டியது. மரத்தின் தூரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏன்டி சௌந்தரம்" என்றாள். ஐந்து மாதம் பேசாத குரல் கரகரத்தது. "இருக்கிறவனுக்கு இத்தன நல்லாப் பாடுறியே. இவன் செத்தா எதடி பாடுவ?"

தெரு முழுக்கச் சிரித்தது. சிவசாமியும் சிரித்தான். ஆனந்தம் படிவத்தைக் கீழே போட்டுவிட்டாள். சிரிக்கலாமா என்று தெரியாத தொண்டர்கள் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

எல்லையம்மாள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். காளியம்மாளுக்கு மட்டும் சத்தம் மாறுவது கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் வரும்போது முதலில் சருகைத் தள்ளிக்கொண்டு வருகிற இரைச்சல் வேறு, அப்புறம் வருவது வேறு. அவள் எழுந்து ஓடினாள். எல்லையம்மாள் அவள் தோளில் விழுந்தாள்.

"அண்ணி, எனக்கு முறை வந்திருச்சு அண்ணி."

"வந்திருச்சுடி. அழுவு."

"அவரு நாரு எடுக்கவாவது வந்திருக்கக்கூடாதா அண்ணி?"

காளியம்மாள் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். ஒப்பாரி இல்லை, அடி இல்லை, கணக்கில்லை, வெறும் அழுகை. முறையில்லாதவர்களும் எழுந்து வந்து அழுதார்கள். நாகநாதன் பேச வாயைத் திறந்தார். ஆனந்தம் அவரைப் பார்த்துத் தலையை அசைத்து, கேரம் போர்டைக் காட்டினாள். அவர் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தார். அந்தத் தெருவுக்கு வந்தவர்களில், குடையை விட்டுப்போன நீதிபதிக்கு அடுத்தபடியாக அவரைத்தான் பிற்பாடு நல்லவிதமாகச் சொன்னார்கள்.

முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்த காளியம்மாள், "நான் மரத்தடியில வந்து பாடினேனே, அப்பவே வாயத் தொறந்திருக்கலாம்ல?" என்றாள்.

"அத நிறுத்தினாப் போதும்னு இருந்துச்சு அண்ணி" என்றாள் எல்லையம்மாள்.

மறுநாள் ஒரு நாளிதழில் நெய்னா முகம்மது எடுத்த படம் வந்தது. தாமரைக்கரம்பையில் இறந்தவர்கள் எட்டுப் பேர் என்றும், எட்டாமவர் சிவசாமி என்றும் அதில் போட்டிருந்தது. வருவாய் ஆய்வாளர் விசாரிக்க வந்தார். சிவசாமி கூரைமேல் உட்கார்ந்து ஓலை மாற்றிக்கொண்டிருந்தான். தான் உயிரோடு இருப்பதாக எழுதிய தாளில், இறங்கி வந்து கைநாட்டு வைத்தான்.

ஜூலை 9 வியாழக்கிழமை கோயில் நிலத்தில் நடவு தொடங்கியது. எல்லையம்மாளையும் சேர்த்து இருபத்துமூன்று பெண்கள் வயலில் இறங்கினார்கள். முதல் இரண்டு நாள் பாட்டு இல்லை. மூன்றாம் நாள் காலை துக்கம் கேட்க ஒரு கூட்டம் வந்தது. பெண்கள் வயலில் இருப்பதாகச் சொன்னதால் வரப்பில் வந்து நின்றது. அழுவதற்கு யாரும் கரையேறவில்லை. பத்து மணிக்கு எல்லையம்மாள் முதலடி எடுத்தாள். அன்று மாலைக்குள் ஐந்து மா நிலம் நட்டு முடிந்தது.